நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் 19 வருடம் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். ஆர்டர் இல்லை என்று கம்பெனியை மூடிவிட்டார்கள். வயது 47. போகிற இடத்திலெல்லாம் சின்ன வயசு ஆளைத்தான் கேட்கிறார்கள். மனைவி செக்கிங் வேலைக்குப் போய்த்தான் வீடு ஓடுகிறது. நான் பகலெல்லாம் படுத்தே கிடக்கிறேன். நம்பிக்கையோடு இரு என்கிறார்கள். எதை நம்புவது? நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கடைசி வரிதான் எனக்கு முதலில் முக்கியம். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் தலைகாட்டினால் தனியாக இருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

நீங்கள் படுத்துக் கிடப்பது சோம்பலால் அல்ல. வியன்னாவுக்குப் பக்கத்தில் மாரியன்தால் என்றொரு ஊர், உங்கள் ஊரைப் போலவே நூலையும் துணியையும் நம்பிப் பிழைத்தது. 1930 வாக்கில் ஆலை மூடப்பட, ஊரே வேலை இழந்தது. மரீ யஹோடாவும் சக ஆய்வாளர்களும் அந்த மக்களை மாதக்கணக்கில் கவனித்து 1933-ல் புத்தகமாக எழுதினார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடை தளர்ந்து, நின்று நின்று போனார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், சொல்ல அதிகம் இல்லை. கூலியோடு பொழுதின் ஒழுங்கும் போயிருந்தது. வேலை இழந்த பெண்களை மட்டும் வீட்டு வேலை உட்காரவிடவில்லை.

அதே காலத்தில் வியன்னாவில் விக்டர் ஃபிராங்கல் என்ற இளம் மருத்துவர், பின்னாளில் நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் மீண்டவர், வேலையற்ற இளைஞர்களுக்குச் சிகிச்சை அளித்தார். வேலை போனதால் தாங்கள் உதவாக்கரை, அதனால் வாழ்வுக்கே பொருளில்லை என்று அவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். நூலகம், இளைஞர் சங்கம் என்று சம்பளமில்லாத பணிகளில் அவர்களை ஈடுபடச் செய்தார். மனச்சோர்வு விலகியது. பசி அப்படியேதான் இருந்தது, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆகவே வேலை தேடுவதை விடாதீர்கள்.

ஆனால் நம்பிக்கை வரட்டும், பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மனைவி செக்கிங் முடித்து வந்து சமைக்கவும் செய்கிறார் என்றால், நாளை முதல் அடுப்படியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலேயே தையல் பழக ஆசைப்படும் பிள்ளைகள் இருப்பார்கள். மாலையில் ஒரு மணி நேரம் அவர்களை வரச்சொல்லுங்கள். 19 வருடக் கைப்பழக்கம் கம்பெனியோடு மூடப்படவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டே இருந்தால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள்.