தைவான் விழாக்களும் இரு நாட்காட்டிகளும்

ஆராய்ச்சிப் படிப்புக்காகத் தைவான் செல்லவிருக்கும் நம் விடுதி நண்பர் ஒருவர், "அங்கே விழாக்களைக் காண எந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம்?" என்று என்னைக் கேட்டார். எளிய கேள்விதான், ஆனால் விடை கூற வானத்தை நோக்க வேண்டியிருந்தது.

தைவானில் பள்ளியும் அலுவலகமும் நாம் அறிந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களின்படியே நடக்கின்றன. விழாக்களோ பெரும்பாலும் நிலவைப் பின்பற்றுவன. அமாவாசையன்று மாதம் பிறக்கும். பதினைந்தாம் நாளை ஒட்டி முழுநிலவு வரும். பன்னிரண்டு நிலவு மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாட்களே. கதிரவன் ஆண்டைவிட இது 11 நாள் குறைவு. இக்குறையை அப்படியே விட்டால் புத்தாண்டு எல்லாப் பருவங்களிலும் அலையும். ஆகவே 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தை மிகையாகச் சேர்க்கின்றனர். இங்கே நம் அண்டை வீட்டார் கடைப்பிடிக்கும் 'அதிக மாசம்' போன்றதே இது. 2025இல் ஆறாம் மாதம் இருமுறை வந்தது. அதனால், அவ்வாண்டு ஜனவரி 29 அன்று பிறந்த புத்தாண்டு, 2026இல் பிப்ரவரி 17 அன்று பிறந்தது.

புத்தாண்டுக்கு முந்திய இரவு குடும்பம் கூடி உண்ணும் இரவு. கடைகள் பல மூடியிருக்கும். பயணி முன்னேற்பாட்டுடன் இருத்தல் நலம். பதினைந்தாம் நாள் விளக்கு விழா. அப்பருவத்தில் பிங்சி என்னும் மலையூரில் மக்கள் தம் வேண்டுதலை எழுதிய காகித விளக்குகளை வானில் பறக்கவிடுவர். வெப்பக்காற்று மேலெழும் என்னும் பாடத்தை இதைவிட அழகாக நடத்த முடியாது!

முன்னோர் கல்லறைகளைத் தூய்மை செய்யும் சிங்மிங் நாள் கதிரவன் கணக்கில் வருவது. எனவே ஏப்ரல் 4 அல்லது 5ஐ விட்டு அது பெரும்பாலும் நகர்வதில்லை.

மூன்றாம் மாதத்தில் கடல் தெய்வமாகிய மாசூவின் பிறந்தநாள். பூஜியன் கரையிலிருந்து கடல் கடந்து குடியேறியோர் தம் படகுகளில் உடன் கொணர்ந்த தெய்வம் இது. இதனையொட்டித் தாஜியா ஊர்க் கோயிலிலிருந்து மாசூவின் பல்லக்கு ஒன்பது நாள், 300 கிலோமீட்டருக்கு மேல் ஊர்வலம் செல்லும். வழியெங்கும் மக்கள் நடப்போர்க்கு உணவும் நீரும் இலவசமாக வழங்குவர். அயலாரும் உடன் நடக்கலாம்.

ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் நாகப் படகுப் போட்டி. எட்டாம் மாத முழுநிலவில் நிலவு அப்பமும் பம்ப்ளிமாசும் உண்பர். டிசம்பரில் இரவு மிக நீண்ட நாளன்று அரிசிமா உருண்டைகளை இனிப்புநீரில் இட்டு உண்பர். இவற்றுக்கெல்லாம் முந்திய பழங்குடியினரின் விழாக்கள் வேறு. கிழக்குக் கரையில் வாழும் அமிஸ் மக்களின் அறுவடை விழா ஜூலை, ஆகஸ்டில் நடைபெறும்.

என் மனத்தைக் கவர்ந்தது ஏழாம் மாதத்தில் கீலுங் துறைமுகத்தில் நடக்கும் ஆவிகள் விழா. 1850களின் தொடக்கத்தில் அங்கே சாங்சோ, சுவான்சோ என்னும் இரு ஊர்களிலிருந்து வந்த குடியேறிகள் தம்முள் மோதி, பலர் மாண்டனர். பின்னர்ப் பெரியோர் கூடி, இனி ஊர்ப்பெயரால் பிரியாமல், ஆண்டுக்கு ஒரு குடும்பப்பெயரினராக முறைவைத்து விழா நடத்துவதென முடிவு செய்தனர். 1855 முதல் அம்முறை நிலவுகிறது. பதினான்காம் நாள் இரவு, குடும்பப்பெயர் பொறித்த காகித வீடுகளுக்குத் தீயிட்டுக் கடலில் மிதக்கவிடுவர். யாருடைய விளக்கு நெடுந்தொலைவு செல்கிறது என்பதே இப்போது அவர்களுக்குள் உள்ள போட்டி.

நண்பரே, தேதிகளைப் புறப்படும் ஆண்டின் நாட்காட்டியில் பார்த்துக்கொள்க. கீலுங்கை மட்டும் தவறவிடாதீர். நாமும் ஊர்விட்டு வந்தவர்களே. பொங்கல் விழாவை மதுரைக்காரர் நடத்துவதா, கோவைக்காரர் நடத்துவதா என்று நமக்குள் பேச்சு எழும்போது, நீர் கண்டு வந்ததை எழுந்து நின்று சொல்ல வேண்டும்.