கத்திரி வெயிலில் நாய்க்குத் தண்ணீர்ப் பயிற்சி

கத்திரி தொடங்கிவிட்டது. காலை பத்து மணிக்கெல்லாம் தார்ச்சாலை நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும். நடை குறையக் குறைய, எடை கூடிய லாப்ரடாருக்கும் இடுப்பு மூட்டு தேய்ந்த கிழட்டு நாய்க்கும் தொடைச்சதை வற்றி, எழுந்து நிற்பதே பாடாகிவிடும். இந்த நாட்களில் அவற்றுக்கு ஏற்ற பயிற்சி தண்ணீரில்தான்.

நீச்சலில் தொடங்க வேண்டாம். தண்ணீருக்குள் நடக்க விடுங்கள். இடுப்பு மூட்டு அளவு தண்ணீரில் நிற்கும் நாயின் கால்கள் உடல் எடையில் சுமார் 38 விழுக்காட்டை மட்டுமே சுமக்கின்றன. 30 கிலோ நாய்க்கு அது பதினோரு கிலோ சொச்சம். பின்னங்கால் முட்டி அளவே தண்ணீர் இருந்தால் சுமை 85 விழுக்காடாக ஏறிவிடும். ஆகவே ஆழத்தைப் பார்த்து இறக்குங்கள்.

தோட்டத்தில் பம்புசெட் தொட்டி இருந்தால், வெயில் ஏறுமுன் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். படியோ சரிவோ கட்டாயம் வேண்டும். வழுக்காமல் கோணிச்சாக்கு விரியுங்கள். நாயைத் தூக்கி எறியவே கூடாது. அந்தப் பயம் ஆயுளுக்கும் போகாது. வயிற்றுக்கடியில் கை கொடுத்து, முதல் நாள் இரண்டு மூன்று நிமிடம் போதும். நாக்கு அகலமாகத் தொங்கினாலோ, பின்பக்கம் அமிழ்ந்தாலோ உடனே கரையேற்றுங்கள். தண்ணீரில் பந்து எறிந்து விளையாடினால், அதைக் கவ்வும்போது நாய் தண்ணீரையும் விழுங்கும். வயிறு உப்பி, வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கியிருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

படி இல்லாத பாசனக் கிணறு வேண்டவே வேண்டாம். இறங்கும் நாய் ஏற வழியின்றிச் சோர்ந்து மூழ்கும். வற்றிவரும் கண்மாயில் பச்சை படர்ந்த தண்ணீரில் நச்சுப் பாசி இருக்கலாம். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் அச்சமும் உண்டு; இந்த ஆண்டுக்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை நீந்த விடாதீர்கள். இதய நோய், வலிப்பு, ஆறாத புண் உள்ளவற்றுக்கும் வேண்டாம். சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்குக் கொழுப்பு குறைவு. சீக்கிரம் குளிரெடுக்கும், மிதப்பதும் சிரமம்; மிதவைச் சட்டை போடுங்கள். மூட்டு அறுவை சிகிச்சை முடிந்த நாய்க்கு, தையல் பிரித்துப் புண் ஆறிய பிறகு, அறுவை செய்த மருத்துவர் சொல்லும் நாளில்தான் தொடங்க வேண்டும்.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசித் துவட்டுங்கள். தொங்கு காது உள்ள நாய்க்குக் காதின் உட்புறத்தை உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். மறுநாள் தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ, காதில் வாடை வந்தாலோ, சொந்தமாகச் சொட்டு மருந்து விடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது ஆறும்வரை தண்ணீரில் இறக்க வேண்டாம்.