பதிவேட்டில் வாழும் மனிதர்

நுழையும்முன்

கணினித்திரையில் தோன்றும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு வாழ்க்கை உள்ளது. பழைய மென்பொருளைப் புதுப்பிப்போர் அவ்வாழ்க்கைக் குறிப்புகளைப் பழுதின்றிக் கைமாற்றும் பொறுப்பை ஏற்கின்றனர். அமெரிக்கத் தரைப்படையின் பட்டறிவு வழியே இதனை அறிவோம்.

வெற்றிடமும் பதிலியும்

படைப்பிரிவில் உள்ள வீரர் ஒருவர் காயமுறலாம். பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பலாம். பதவி உயர்வு பெற்று வேறிடம் செல்லலாம். அவர் விட்டுச்சென்ற இடத்திற்கு, அதே பயிற்சியும் தகுதியும் உடைய ஒருவரைப் பதிலியாக அனுப்புதல் வேண்டும். வியட்நாம் போரில் அமெரிக்கத் தரைப்படை வீரர்கள் பெரும்பாலும் ஓராண்டுக்காலம் பணியாற்றித் திரும்பினர். அதனால் மாதந்தோறும் ஆயிரக்கணக்கான பதிலிகள் தேவைப்பட்டனர். இத்தகைய பெருங்கணக்கைத் தாளில் மட்டும் எழுதிக் காத்தல் அரிது. துளையட்டைகளும், அவற்றைத் தொடர்ந்து கணினிகளும் படை அலுவலகங்களுக்கு வந்த காரணம் இதுவே.

பிரிந்து நின்ற பதிவுகள்

காலப்போக்கில் முழுநேரப்படை, தேசியக் காவல்படை, சேமப்படை ஆகிய மூன்றும் தனித்தனி மென்பொருள்களைக் கையாண்டன. ஆள்பதிவு ஓரிடத்திலும் ஊதியக்கணக்கு வேறோரிடத்திலும் இருந்தன. காவல்படை வீரர் ஒருவர் போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டால், அவருடைய விவரங்களை அலுவலர்கள் மீண்டும் கையால் பதிய நேர்ந்தது. விளைவு என்ன? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003ஆம் ஆண்டில் தேசியக் காவல்படையின் ஆறு பிரிவுகளை ஆராய்ந்தது. அவற்றின் 481 வீரர்களுள் 450 பேருக்கு ஊதியத்தில் ஏதேனும் ஒரு சிக்கல் இருந்தது. களத்தில் வீரர் காவல் நிற்க, இல்லத்தில் குடும்பம் வரவேண்டிய பணத்திற்குக் காத்திருந்தது.

பனையைச் சூழ்ந்த ஆல்

பழையதை நீக்கிப் புதியதை உடனே வைத்தால் என்ன? பழைய நிரல்களுக்குள் பல்லாண்டு விதிகள் புதைந்துள்ளன. அவற்றை எழுதியோர் ஓய்வு பெற்றுவிடுகின்றனர். பொருளற்றதாகத் தோன்றும் ஒரு வரி, யாரோ ஒருவரின் ஓய்வூதியத்தைக் காப்பதாக இருக்கலாம். முப்படைகளுக்கும் கடற்காலாட்படைக்கும் ஒரே அமைப்பை உருவாக்கும் பெருந்திட்டம், பத்தாண்டுகளுக்கும் மேலான உழைப்பிற்குப்பின் 2010இல் கைவிடப்பட்டது.

மென்பொருள் அறிஞர் மார்ட்டின் ஃபவுலர் 2004இல் வேறொரு வழியை உவமையால் விளக்கினார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் காட்டில் அவர் கண்ட அத்தியின மரம், வேறொரு மரத்தின்மேல் முளைத்து, வேர்களை இறக்கி, மெல்ல அதன் இடத்தைப் பெறுகிறது. பனையைச் சூழ்ந்து வளரும் ஆலினைக் கண்ட தமிழர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். பழைய மென்பொருள் இயங்கும்போதே, அதன் பணிகளை ஒவ்வொன்றாகப் புதியது ஏற்கவேண்டும் என்பதே இதன் கருத்து.

தரைப்படையும் படிப்படியாகவே முன்சென்றது. புதிய அமைப்பு 2019 முதல் 2021 வரை தேசியக் காவல்படையில் மாநிலம் மாநிலமாக நடைமுறைக்கு வந்தது. 2023 சனவரியில் முழுநேரப்படையும் சேமப்படையும் அதில் இணைந்தன. ஊதியப்பகுதி அடுத்த கட்டத்திற்கென வைக்கப்பட்டது.

தரவைத் தூய்மை செய்தல்

பழைய பதிவில் பிழை இருந்தால், புதிய மென்பொருளும் அப்பிழையையே விரைந்து பரப்பும். எனவே, பிறந்தநாள், பணியேற்ற நாள், தரநிலை, பெற்ற பயிற்சி ஆகியவற்றை மாற்றத்திற்குமுன் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. வீரர் தம் பதிவைத் தாமே பார்த்துத் திருத்தம் கோரும் வசதி புதிய அமைப்பில் உண்டு. தம்மைப் பற்றிய உண்மையை அவரினும் நன்கறிந்தவர் யார்?

இயந்திரங்கள் பழையனவாகும், நிரல்மொழிகள் மாறும். பதிவில் உள்ள மனிதருக்குரிய உரிமை குன்றாமல் காக்கப்படுமாயின், அதுவே செம்மையான புதுப்பித்தலாகும்.

தெரிந்து தெளிவோம்

1973 சூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகில் இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பற்றியது. ஏறத்தாழ 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான படைவீரர் கோப்புகள் அழிந்தன. அவற்றுக்குப் படிகள் எடுத்துவைக்கப்படவில்லை.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுவதாயின், எவ்விவரங்களை முதலில் சரிபார்ப்பீர்கள்? காரணங்களுடன் கலந்துரையாடுக.