கடற்சுவரும் காற்றின் கணக்கும்

கடற்கரை என்றவுடன், சிறிது சிறிதாகச் சரிந்து செல்லும் மணற்பரப்பே நம் உள்ளத்தில் தோன்றும். எல்லாக் கரைகளும் அங்ஙனம் அமைந்தன அல்ல. சிலவிடங்களில் கரையினின்று சில அடி சென்ற அளவிலேயே தரை முடிவுற்று, பாறை செங்குத்தாய் ஆழத்தில் இறங்கிவிடும். இத்தகைய கடற்சுவர்களுள் பெயர்பெற்றது, எகிப்து நாட்டுச் சீனாய்த் தீபகற்பத்தின் கீழ்க்கரையில், தாகாப் என்னும் ஊருக்கு வடக்கே உள்ளது.

அங்கே பவளப்பாரின் நடுவே ‘நீலக்குழி’ எனப்படும் வட்டமான பள்ளம் ஒன்று உண்டு. அதன் ஆழம் 90 மீட்டருக்கும் மிகுதி. குழிக்கும் வெளிக்கடலுக்கும் இரு வழிகள் உள. ஒன்று, மேலே ஏறத்தாழ 7 மீட்டர் ஆழத்தில் உள்ள தாழ்ந்த வரப்பு. மற்றொன்று, ஏறத்தாழ 55 மீட்டர் ஆழத்தில் உள்ள பாறை வளைவு. முறையறிந்து மூழ்குவோர், வடக்கேயுள்ள ஒரு பாறைப் பிளவின் வழியாக இறங்கி, சுவரை வலப்புறத்தே கொண்டு தெற்கு நோக்கி நீந்தி, மேல்வரப்பின் வழியே குழியுள் புகுந்து கரையேறுவர். பவளமும் மீனும் நிறைந்த அக்காட்சி கண்ணுக்கு விருந்தாம்.

நிற்க. இங்கு நாம் கற்கவேண்டிய பாடம் காற்றைப் பற்றியது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. ஆகவே 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. 55 மீட்டரில் ஆறரை மடங்கு. அழுத்தம் மிகும் அளவிற்குக் காற்றின் பருமன் குறையும் என்பது, பாயில் என்னும் அறிஞர் 1662-இல் வெளியிட்ட விதி. 1943-இல் கூஸ்தோ, காஞான் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் அமைத்த மூச்சுக்கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஒத்த காற்றையே அளிக்கின்றது. அதனால் மேற்பரப்பில் 60 நிமிடங்களுக்குப் போதுமான காற்று, 30 மீட்டரில் 15 நிமிடங்களுக்கே போதும். 55 மீட்டரிலோ ஒன்பது நிமிடங்களில் ஏறக்குறையத் தீர்ந்துவிடும்.

காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆழத்தில் தன்மை மாறியது போல் தொழிற்படும். சுமார் 30 மீட்டருக்குக் கீழே அது கள்ளைப் போல் அறிவை மயக்கத் தொடங்கும். மேலும் அது குருதியிலும் தசையிலும் கரைந்து நிற்கும். விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல உடலினுள் குமிழிகள் உண்டாகி, மூட்டுவலி முதல் வாதம் வரை விளைவிக்கும். படிப்படியாக நின்று ஏறுவதற்குரிய அட்டவணைகளை ஹால்டேன் என்பார் 1908-இல் வகுத்தளித்தார்.

மன்னார்க் குடாவில் முத்துக்குளித்த நம் முன்னோர் மேலே இழுத்த மூச்சையே அடக்கிக்கொண்டு இறங்கினர். மீளும்போது அக்காற்று தன் பழைய பருமனையே அடைந்தது. கருவி கொண்டு மூழ்குவோரோ ஆழத்திலேயே மூச்சிழுக்கின்றார். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் காற்று விரிந்து நுரையீரல் கிழியும். ஆதலால் முன்னவருக்கு வேண்டிய மூச்சடக்கமே பின்னவருக்கு இறுதியாகும்.

இனி, சுவர் ஏன் கொடியது? தடுத்து நிறுத்தத் தரையில்லை. ஆழம் கூடுந்தோறும் உடையிலும் மிதவைச் சட்டையிலும் உள்ள காற்று சுருங்கி, மூழ்குவோர் முன்னிலும் விரைவாய் அமிழ்கின்றார். தெளிந்த நீரில் வளைவினூடே தோன்றும் வெளிக்கடலின் ஒளி, தொலைவைக் குறைத்துக் காட்டுகின்றது. மயங்கிய அறிவோ அதனை நம்புகின்றது. அவ்வளவில் காற்றும் தீர்கின்றது. இங்ஙனம் மாண்டோர் பலர். அவர்தம் பெயர் பொறித்த கற்கள் கரைப்பாறையில் பதிந்துள்ளன. அவருள் தேர்ந்த நீச்சுக்காரரும் உண்டு.

மாணவ நண்பர்களே! அவ்வாழத்தில் தவறியபின் திருத்திக்கொள்ள அறிவும் இராது, காற்றும் இராது. எவ்வளவு ஆழம், எவ்வளவு காற்று, எப்போது திரும்புவது என்னும் மூன்றனையும் கரையிலேயே முடிவு செய்து, நீருள் அதனை மாற்றாதிருப்பவரே மீள்கின்றார். துணிவு இறங்குவதற்கு வேண்டும். திரும்புவதற்கோ கணக்கறிவு வேண்டும்.