ஒலிக்கருவிகள் மீது ஏன் இத்தனை பற்று?

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு ஜோடி ஸ்பீக்கருக்குப் பல லட்சம் கொடுப்பவர்கள், அந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்டதுமே குலதெய்வத்தின் பெயரைக் கேட்டதுபோல் உருகுகிறார்களே, அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். இதைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டால் விடை கிடைக்காது. ஏனென்றால் இதே பற்று நம் புதுக்கோட்டைச் சீமையில், லட்சங்களோடு சம்பந்தமே இல்லாத ஓரிடத்திலும் இருக்கிறது. மைக் செட் வைத்திருப்பவர்களிடம் அஹுஜா என்ற பெயருக்கு உள்ள மதிப்பைத்தான் சொல்கிறேன். 1940இல் தொடங்கிய அந்த டெல்லிக் கம்பெனியின் ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஒலிபெருக்கியும் இந்தியாவின் சிற்றூர்களில் பொதுக்கூட்டம், கோயில், கல்யாணம் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டுவிட்டன. அங்கிருந்து தொடங்கினால் இங்கிலாந்து வரைக்கும் வழி தெரியும்.

முதலில் குழாயைப் புரிந்துகொள். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சாரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக மாற்றுகிறது. மீதி சூடாகப் போய்விடுகிறது. குழாயின் பின்னால் உள்ள யூனிட்டுக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சிறிய மென்படலம், குறுகிய கழுத்தில் உள்ள காற்றை அழுத்தித் தள்ளுகிறது. கழுத்து படிப்படியாக அகன்று வாயாக விரிவதால், அந்த அழுத்தம் வீணாகாமல் வெளிக்காற்றுக்குக் கைமாறுகிறது. அதனால் அதே மின்சாரத்தில் பத்து மடங்கும் அதற்கு மேலும் ஒலி கிடைக்கும். தவிலின் தொப்பியில் எழும் கனத்த ஒலியைக் குழாய் விழுங்கிவிடும். மனிதக் குரலும் நாகசுரமும் இருக்கும் இடைப்பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். வீடுகள் சிதறிக் கிடக்கும் ஆலங்குடி, கீரனூர்ப் பக்கத்து வறண்ட காட்டுக்கும், தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டில் ஆரவாரத்தை மீறி மாட்டுக்காரர் பெயர் கேட்கவேண்டிய தேவைக்கும் இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

ஆனால் பொருத்தம் வாங்க வைக்கும், அவ்வளவுதான். முப்பது வருடம் கைவிடாமல் வைத்திருக்கச் செய்வது வேறொன்று. யூனிட் எரிந்தால் டயாஃப்ரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறந்தால் பழகிய மெக்கானிக்குக்கு எது எங்கே என்று தெரியும். உதிரி கடையில் கிடைக்கும். முகூர்த்த நேரத்தில் செட் பேசாமல் போனால் அவமானம் கம்பெனிக்கு அல்ல, மைக் செட்காரருக்கு. தன் பெயரை எந்தக் கருவியை நம்பி அடகு வைக்க முடிகிறதோ, அதன்மேல்தான் அவருக்குப் பற்று வருகிறது. இதே காரணத்தைத்தான் உயர்விலைக் கம்பெனிகளிலும் காண்கிறேன். இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நிலைமின் (எலெக்ட்ரோஸ்டாடிக்) ஸ்பீக்கரை இன்றும் பழுதுபார்த்துக் கேட்கிறார்கள். ஸ்காட்லாந்தின் லின் 1970களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய எல்பி 12 இசைத்தட்டுச் சுழலிக்கு, பிற்காலத்தில் வந்த மேம்பட்ட பாகங்களைப் பழைய கருவியிலேயே பொருத்திக்கொள்ளலாம். அமெரிக்காவின் மெக்கின்டாஷ் 1962 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஊர் ஊராகப் போய், யாருடைய கம்பெனி ஆம்ப்ளிஃபயரானாலும் இலவசமாக அளந்து, அளவைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தது. வாங்கியவனை வாங்கிய பிறகும் நினைவில் வைத்திருந்த கம்பெனிகள் இவை.

நீ மறுக்கலாம்: ஒலி உண்மையிலேயே சிறந்ததாக இருப்பதால்தானே இந்தப் பற்று? கொஞ்சம் உண்மை, முழு உண்மை இல்லை. 1994இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளர்கள் சில ஸ்பீக்கர்களை ஒரே கேட்பவர்களுக்கு இருமுறை போட்டுக் காட்டினார்கள். ஒருமுறை கண்ணுக்குத் தெரியும்படி, ஒருமுறை திரைக்குப் பின்னால். கண்ணால் பார்த்தபோது பெரிய, விலை கூடிய பெட்டிகள் மதிப்பெண்ணை அள்ளின. திரை விழுந்ததும், பின்தங்கியிருந்த மலிவான சிறிய ஸ்பீக்கர் நன்றாகவே தேறியது. கேட்டவர்கள் ஸ்பீக்கர் தயாரிக்கும் நிறுவனத்தின் ஊழியர்கள். விவரம் தெரியாதவர்கள் அல்ல. கண் பார்த்ததைக் காது ஒத்துக்கொள்கிறது. நெடுநாள் பழகிய ஒலியையே சரியான ஒலி என்று காது எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இதோடு சேர்கிறது. திருவிழா என்றால் குழாய்ச் சத்தம்தான் என்று நமக்குத் தோன்றுவது அந்தப் பழக்கத்தால்தான்.

அப்படியானால் எல்லாம் வெறும் அந்தஸ்து, விளம்பரத்தின் மயக்கம் என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதே. அந்தஸ்துக்காக வாங்குகிறவர்கள் உண்டு, நிறையவே உண்டு. அவர்கள் அடுத்த மாடல் வந்ததும் மாற்றிவிடுவார்கள். அறுபது வருடப் பழைய ஸ்பீக்கருக்குப் புது மென்படலம் போட்டுக்கொண்டிருப்பவரை அந்தஸ்து விளக்காது. பந்தல்காலில் ஏறிக் குழாய் கட்டுபவரையும் விளக்காது.

இந்தப் பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு எல்லை உண்டு. நம்பிக்கை சம்பாதித்த பெயரை வைத்து, அளந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் காட்டாத கேபிளைப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும்போது அது ரசிகனை ஏமாற்றுவது. குழாயை நேசிப்பவர்களும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கும் 2000ஆம் ஆண்டு விதியை மீற உரிமை பெற்றவர்கள் அல்ல. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் குழாய் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தால் என்ன?

நீ எதையாவது வாங்கப் போனால் கடைக்காரரிடம் இரண்டு கருவிகளையும் ஒரே சத்த அளவில் வைக்கச் சொல்; சற்றே உரக்கப் பாடுவது எப்போதும் நல்லதாகத் தோன்றும். திரும்பி நின்று, எது எது என்று தெரியாமல் கேள். பிறகு, பத்து வருடம் கழித்து இதன் டயாஃப்ரம் கிடைக்குமா, யார் மாற்றிக் கொடுப்பார் என்று விசாரி. அதற்கு நேரான பதில் சொல்ல முடியாத கம்பெனி எவ்வளவு புகழ் பெற்றிருந்தாலும் வாங்காதே.

அன்புடன்,
அண்ணன்