கட்டியக்காரனின் நகை: தெருக்கூத்தில் நடிப்பு உத்திகளை இனங்காணல்

தெருக்கூத்துப் பனுவல்கள் அச்சேறிய அளவிற்கு அவற்றின் நிகழ்த்துமுறை பதிவு பெறவில்லை. இக்குறை கட்டியக்காரனிடத்து மிகுதியாகப் புலப்படுகின்றது. வேந்தர் பாடும் விருத்தமும் தருவும் ஏட்டில் உள்ளன. கட்டியக்காரன் விளைக்கும் நகையின் பெரும்பகுதியோ ஆட்டக்களத்திலேயே பிறந்து அங்கேயே மறைவது. அவனைச் 'சமூக விமர்சகன்' என்று பெயரிட்டு அமைவது எளிது. அவன் நகையை எவ்வாறு தோற்றுவிக்கிறான் என்பது அதனால் விளங்குவதில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறும். செய்யுளாய்வில் பயின்று வரும் இப்பாகுபாடு நிகழ்த்துகலைக்கும் பொருந்துவதே. பேதைமை அறியாமை, மடன், உரைமரபின்படி, பிறர் கொளுத்தியதைக் கொண்டு கொண்டதை விடாமை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் கட்டியக்காரனின் முதன்மையான உத்தியைத் தவறவிடுவர்.

பாத்திர வருகையை நோக்குக. இருவர் பிடித்த திரைக்குப் பின்னின்று வேந்தன் தன்னைப் படர்க்கையில் புகழ்ந்து பாடுவான். கட்டியக்காரன் அவனை யாரென வினவுவான். வேந்தன் 'மந்திரி' என்றதை அவன் 'முந்திரி' எனச் செவிமடுப்பதாகக் கொள்வோம். முதன்முறை தவறாகக் கேட்பது பேதைமை. அங்கு நடிகனின் முகம் வெறுமையாக இருத்தல் வேண்டும். வேந்தன் திருத்திய பின்னும் அவன் மடியை அவிழ்த்து முந்திரியைத் தேடுவானாயின் அது மடன். நகை சொல்லைவிட்டு உடலுக்கு இடம் பெயர்கின்றது. மூன்றாம் முறை சொல்லுக்கு முன் சிறிது நிறுத்தி அவையோரைப் பார்ப்பானாயின், அவன் அறிந்தே பிறழ்கிறான் என்பது வெளிப்பட்டு எள்ளல் பிறக்கும். மூன்று முறையும் சொல் ஒன்றே. ஆதலின் பனுவலை மட்டும் பயில்வோர் இதனைக் 'கூறியது கூறல்' என ஒதுக்கிவிடக்கூடும்.

ஒப்பனையும் இதற்குத் துணை செய்கின்றது. கிரீடம், புஜகீர்த்தி, மார்புப்பதக்கம் ஆகியவற்றின் சுமையால் வேந்தனின் அசைவு அகன்றும் நிமிர்ந்தும் அமையும். அத்தகைய கட்டைகள் இல்லாத கட்டியக்காரன் குனியவும் கோணவும் வல்லவன். வேந்தனின் அடவை அவன் சிறிதாக்கி ஆடிக்காட்டுவதே ஒரு திறனாய்வு எனலாம்.

இவ்வாய்வின் தேவை 'துகிலுரிதல்' கூத்தில் கூர்மையடைகின்றது. துரியோதனன் அவையில் ஏவலாளாக நிற்கும் அவன் பேசும் நகை திரௌபதியின்மேல் விழுமா, அரசன்மேல் விழுமா? ஏவலை ஏற்கும்போது அவன் முகம் எப்பக்கம் திரும்புகின்றது, குரல் எங்கே தாழ்கின்றது என்பனவே அதனைத் தீர்மானிக்கும். ஒரே தொடர் துயருற்றவளை இழிப்பதாகவும் அதிகாரத்தை எள்ளுவதாகவும் ஆகலாம். எழுத்துப்படியை மட்டும் கொண்டு அவனது நகையைப் பெண்ணிழிவு என்றோ கலகக்குரல் என்றோ அறுதியிடல் ஏற்புடையதன்று.

களப்பதிவில் ஒளிப்படக்கருவி பெரும்பாலும் வேடம் புனைந்த முதன்மைப் பாத்திரத்தையே தொடர்கின்றது. கட்டியக்காரனுக்கெனத் தனிக் கருவி அமைவது நன்று. உரையாடலைப் படியெடுக்கும்போது சொற்களுக்கருகில் பார்வைத் திசை, நிறுத்தம், மிருதங்கக்காரர் தரும் விடையடி, பின்பாட்டுக்காரரின் குறுக்கீடு, அவையோர் சிரிப்பெழுந்த கணம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். சிரிப்பு சொல்லுக்கு முன்னரே எழுந்த இடங்களைத் தனியே அடையாளமிடுக. சொல்லன்றி உடலே அங்கு நகையை விளைத்துள்ளது.