உழவின் தரம்: கலப்பையும் வேகமும்

டிராக்டர் கடன் கோரும் உழவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனைப் பற்றியே வினவுகின்றனர். எந்தக் கலப்பை, எந்த வேகம் என்னும் வினாக்கள் பின்தங்கிவிடுகின்றன. ஏக்கருக்கு ஆகும் டீசலும், விதைப்புக்கு ஏற்ற மண் அமைவதும் இவ்விரண்டையே பெரிதும் சார்ந்துள்ளன. தவணைக்குரிய வருவாயும் அந்நிலத்திலிருந்தே வரவேண்டும். ஆதலால் இவ்விதழில் இவற்றை ஆராய்வோம்.

மண்ணுக்கேற்ற கலப்பை

இறக்கைக் கலப்பை மண்ணை வெட்டிப் புரட்டிக் களைகளையும் பயிர்த்தாள்களையும் புதைக்கிறது. அதற்கு அளவான ஈரமுள்ள, கல்லும் வேரும் அற்ற நிலம் வேண்டும். விதர்ப்பத்திலும் மாளவத்திலும் பரந்துள்ள கரிசல் மண் நனைந்தால் ஒட்டும். காய்ந்தால் இறுகி வெடிக்கும். அத்தகைய நிலத்திற்கு, உருண்டு வெட்டும் சட்டிக் கலப்பை பொருந்தும்.

பஞ்சாபில் நெல்லுக்குச் சேற்றுழவு செய்து, அடுத்துக் கோதுமை விதைக்கும் வயல்களில் மேல்மண்ணின் அடியில் கடினத் தட்டு உருவாகிறது. மேலோட்டமாக உழும் ரோட்டவேட்டர் அதை எட்டுவதில்லை. உளிக் கலப்பை மண்ணைப் புரட்டாமலே அத்தட்டை உடைக்கும். இவ்வுழவு ஆண்டுதோறும் தேவைப்படாததால், இக்கலப்பையை விலைக்கு வாங்குவதினும் வாடகைக்கு அமர்த்துவது சிக்கனமாகும்.

வேகத்தின் விலை

90 செ.மீ. அகலம் உழும் கலப்பை மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் 0.36 ஹெக்டேரும், 6 கி.மீ. வேகத்தில் 0.54 ஹெக்டேரும் உழும். திரும்பும் நேரத்தைக் கழித்தால் இவ்வளவு குறையும். வேகம் ஒன்றரை மடங்கானால் தேவைப்படும் ஆற்றலும் ஒன்றரை மடங்கோடு நிற்பதில்லை, இழுவிசையும் உயர்கிறது. அது ஐந்தில் ஒரு பங்கு உயர்வதாகக் கொண்டால், ஆற்றல் தேவை 1.8 மடங்காகும். இறக்கைக் கலப்பையில் இவ்வுயர்வு மிகுதி. சட்டிக் கலப்பையோ வேகம் மிகும்போது ஆழம் குறைந்து மேலெழும். எனவே இவ்விரு கலப்பைகளுக்கும் 4 முதல் 6 கி.மீ. வரையிலான வேகம் பொதுவாகத் தகும்.

வயலில் மூன்று சோதனைகள்

முதலாவது, ஈரம். உழும் ஆழத்து மண்ணை உருண்டையாகப் பிடித்துக் கீழே போடுக. பொலபொலவென உதிர்ந்தால் உழலாம். தட்டையாக ஒட்டினால் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வேகம். வயலில் 20 மீட்டர் அளந்து குறியிடுக. உழுதபடி அதைக் கடக்க 18 வினாடியானால் வேகம் மணிக்கு 4 கி.மீ.; 12 வினாடியானால் 6 கி.மீ.

மூன்றாவது, சக்கர நழுவல். பின்சக்கரம் பத்துச் சுற்றில், கலப்பையைத் தூக்கிய நிலையில் 40 மீட்டரும், உழும்போது 34 மீட்டரும் கடந்தால் நழுவல் 15 விழுக்காடு. அதற்கு மேற்பட்டால் டீசலும் டயரும் வீணாகின்றன. அப்போது உழவின் ஆழத்தையோ அகலத்தையோ குறைக்க வேண்டும். அல்லது பின்சக்கரங்களில் எடை சேர்க்க வேண்டும்.

கடன் விண்ணப்பம் அளிக்குமுன் நிலத்தின் மண்வகையையும், டிராக்டரின் திறனுக்கேற்ற கலப்பை அகலத்தையும் கேட்டறிந்து, கலப்பையின் விலைப்புள்ளியையும் உடன் இணைக்குமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.